நிரலை ஓட்டாமலே பிழை பிடிப்பது: வெற்றுச் சுட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேருகிறவர்களின் நிரல்களை மீளாய்வு செய்வது என் வேலையில் ஒரு பகுதி. வெற்றுச் சுட்டிப் பிழையைப் பற்றியும், நிரலை ஓட்டிப் பார்க்காமலே அதைக் கண்டுபிடிக்கும் நிலைப் பகுப்பாய்வைப் பற்றியும் அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றைப் பதில்களோடு ஓரிடத்தில் போட்டு வைக்கிறேன். எங்கள் வேலை பெரும்பாலும் ஜாவாவிலும் கொட்லினிலும் நடப்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்.

வெற்றுச் சுட்டிப் பிழை நேரும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு மாறி நினைவகத்தில் எங்கோ இருக்கும் ஒரு பொருளைக் காட்டவேண்டும். காட்ட எதுவும் இல்லாதபோது அதற்குள் 'நல்' எனப்படும் வெற்றுப் பெறுமதி வைக்கப்படுகிறது. அந்த மாறி வழியாகப் பொருளின் ஒரு புலத்தை (அதற்குள் உள்ள ஒரு தரவை) கேட்டால், கேட்கப் பொருளே இல்லை. சி மொழியில் எழுதிய நிரலானால் வழக்கமாக அது பூச்சிய முகவரியை அண்டிய இடத்தைத் தொடப் போகும். பணிசெயல் முறைமை அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதால் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். ஜாவாவில் நல்பாயிண்டர் எக்செப்ஷன் என்ற பிழை எழும். அதை எவரும் பிடிக்காவிட்டால் அந்தக் கோரிக்கை அத்தோடு முடிந்தது.

2020இல் வந்த ஜாவா 14 வரை அந்தச் செய்தி வரி எண்ணை மட்டும்தான் சொல்லும். ஒரே வரியில் நான்கு புள்ளிகள் வைத்து எழுதியிருந்தால் எது வெற்று என்று நாமே ஊகிக்கவேண்டும். இப்போது எந்த அழைப்பின் விடை வெற்றாக இருந்தது என்று பெயர் சொல்லியே காட்டுகிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் விழுந்த பிறகு கிடைக்கும் தகவல் அது.

இதைக் கொண்டுவந்த புண்ணியவான் யார்?

டோனி ஹோர். 1965இல் அல்கொல் டபிள்யூ என்ற மொழிக்கு வகைமுறையை வடிவமைத்தபோது வெற்றுச் சுட்டியைச் சேர்த்தார். செய்வதற்கு மிக இலகுவாக இருந்ததால் ஆசையை அடக்க முடியவில்லை என்று 2009இல் லண்டனில் நடந்த மாநாட்டில் அவரே சொன்னார். அதைத் தன்னுடைய பில்லியன் டொலர் தவறு என்றும் அழைத்தார். குவிக்சோர்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைத் தந்தவர் என்பதால் மன்னித்துவிடலாம்.

அவர் சேர்த்ததால் வந்த சிக்கல் இதுதான். ஜாவாவில் ஒரு மாறியைச் 'சரம்' (எழுத்துத் தொடர்) என்று அறிவித்தால், அதன் உண்மையான பொருள் 'சரம், அல்லது ஒன்றுமில்லை'. அந்த இரண்டாவது பாதி எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதியவரின் மனதில் இருக்கும். அவர் வேறு நிறுவனத்துக்குப் போகும்போது அவரோடு போய்விடும்.

எங்கள் நிரல்களுக்குள் வெற்று எந்த வழியாக நுழைகிறது?

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் தரும் படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப்பெயருக்கு ஒரு பெட்டி. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பல தமிழ்க் குடும்பங்களில் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் முதலெழுத்தாக முன்னால் வரும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். ஒருவர் தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக நிரப்புவார். இன்னொருவர் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றப் பெட்டியை விட்டுவிடுவார். இணையப் படிவம் இரண்டையும் கட்டாயப்படுத்தினாலும், பழைய எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றிய பதிவுகளைக் கட்டாயப்படுத்த ஆளில்லை. பிறகு யாரோ ஒருவர் மாத அறிக்கையை அடுக்குவதற்கு இப்படி எழுதுவார்:

பெயர் = வாடிக்கையாளர்.குடும்பப்பெயர்()
சாவி = பெயர்.முதலெழுத்து()

சோதனைத் தரவில் எல்லோருக்கும் குடும்பப்பெயர் இருக்கும், ஏனென்றால் சோதனைத் தரவை எழுதியவர் படிவத்தைப் பார்த்துத்தான் எழுதினார். உண்மைத் தரவில் ஒற்றைப் பெயர்க்காரர் ஒருவர் வந்ததும் அறிக்கை முழுவதும் அவரில் முட்டி நின்றுவிடும்.

தேசிய அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள். பழையவற்றில் 9 இலக்கங்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும். அந்த எண்ணிலிருந்து பிறந்த ஆண்டையும் நாளையும் பிரித்தெடுக்கலாம். பெண்களுக்கு நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே 'இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடு' என்றொரு சார்பு (பெயரிட்ட நிரல் துண்டு) இங்கே பல அலுவலகங்களின் நிரல்களில் உண்டு. வடிவம் பொருந்தாவிட்டால் அது எதைத் திருப்பித் தரும்? பெரும்பாலும் வெற்றை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சேமிப்புக் கணக்குத் திறக்கும்போதோ, வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு ஒருவர் வரும்போதோ அந்த வெற்று வெளியே வரும்.

தரவுத்தளம் இன்னொரு வாசல், அங்கே சத்தமே இல்லாத ஒரு பொறியும் இருக்கிறது. தரவுத்தளத்தோடு பேச உதவும் ஜாவாவின் ஜேடிபிசி வழியாக ஒரு முழு எண்ணைக் கேட்டால், தரவுத்தளத்தில் வெற்று இருந்தாலும் கிடைப்பது பூச்சியம். உண்மையிலேயே வெற்றா என்று தனியாக இன்னொரு அழைப்பில் கேட்கவேண்டும். நிரல் விழாது, பிழைச் செய்தி வராது. இன்னும் கணக்கிடப்படாத கடன் நிலுவை 0 ரூபாய் என்று அச்சாகும். என்னைக் கேட்டால் நல்பாயிண்டர் எக்செப்ஷன் எவ்வளவோ மேல்.

நிரலை ஓட்டாமல் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று வரி போதும்:

1. ப = தேடு(இலக்கம்)
2. ப இல்லையென்றால்: பதிவேட்டில் எழுது("ஆள் இல்லை")
3. குறுஞ்செய்தி அனுப்பு(ப.தொலைபேசி)

மீளாய்வில் அடிக்கடி தப்பிவிடும் வகை இது. எழுதியவர் வெற்றைச் சோதித்திருக்கிறார். கண் அந்தச் சோதனையைப் பார்த்துத் திருப்திப்பட்டு நகர்ந்துவிடும். கருவி திருப்திப்படாது. ஒவ்வொரு வரியிலும் 'ப' எந்த நிலையில் இருக்கலாம் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு நடக்கும். இருக்கக்கூடிய நிலைகள் மூன்று: வெற்று, வெற்றல்ல, இரண்டில் எதுவும் ஆகலாம்.

முதல் வரிக்குப் பிறகு, 'தேடு' என்ற சார்பு வெற்றைத் தரக்கூடும் என்று அறிவிக்கப்பட்டிருந்தால், ப 'எதுவும் ஆகலாம்'. இரண்டாம் வரியில் பாதை இரண்டாகப் பிரிகிறது: உள்ளே போகும் பாதையில் ப நிச்சயம் வெற்று, உள்ளே போகாத பாதையில் நிச்சயம் வெற்றல்ல. மூன்றாம் வரியில் இரண்டு பாதைகளும் சேர்கின்றன. வெற்றும் வெற்றல்லாததும் சேர்ந்தால் மறுபடியும் 'எதுவும் ஆகலாம்'. அந்த நிலையில் ப.தொலைபேசி என்று கேட்பதைக் கருவி சிவப்பில் காட்டும். இப்போது இரண்டாம் வரியின் முடிவில் 'திரும்பிவிடு' என்று ஒரு சொல் சேருங்கள். உள்ளே போன பாதை மூன்றாம் வரிக்கு வராது, வந்து சேர்வது வெற்றல்லாத பாதை மட்டும், எச்சரிக்கை மறைந்துவிடும். தரவும் தேவைப்படவில்லை, சேவரும் தேவைப்படவில்லை.

சுழற்சி இருந்தால் குறிப்புகள் மாறாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் சுற்றும். உண்மைப் பெறுமதிகளுக்குப் பதிலாக இப்படிச் சில நிலைகளை மட்டும் வைத்து நிரலை 'ஓட்டும்' முறைக்குக் கணித அடித்தளம் போட்டவர்கள் பிரான்சைச் சேர்ந்த பத்ரிக் கூசோவும் ரதியா கூசோவும். அவர்களுடைய முக்கியமான கட்டுரை 1977இல் வெளியானது.

ஒரு சார்பு இன்னொன்றை, அது மற்றொன்றை அழைத்தால்?

இங்கேதான் கருவிகள் இரண்டு கட்சிகளாகப் பிரிகின்றன.

முதல் கட்சி, ஒவ்வொரு சார்பின் தலைப்பிலும் உண்மையை எழுது என்று உங்களிடம் கேட்கும்: இந்த உள்ளீடு வெற்றாகலாம், இந்த விடை ஒருபோதும் வெற்றாகாது. எழுதிவிட்டால் ஒரு சார்பைச் சோதிக்கும்போது மற்றதன் தலைப்பைப் பார்த்தால் போதும், உடலுக்குள் இறங்கவேண்டியதில்லை. ஆகவே வேகம். ஜாவாவில் செக்கர் ஃபிரேம்வேர்க்கும், ஊபர் 2017இல் வெளியிட்ட நல்அவேயும் இந்த வகை. கொட்லின், ஸ்விப்ட் போன்ற மொழிகளில் இதே வேலையைக் கம்பைலரே (எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கருவியே) செய்கிறது.

இரண்டாம் கட்சி உங்களிடம் எதையும் கேட்காமல் உடலுக்குள் இறங்கித் தானே கண்டுபிடிக்க முயலும். பேஸ்புக்கின் இன்ஃபர் அதற்கு நல்ல உதாரணம். மொனொய்டிக்ஸ் என்ற சிறிய லண்டன் நிறுவனத்தில் தொடங்கி, 2013இல் பேஸ்புக் அதை வாங்க, 2015இல் திறந்த மூலமாக வெளிவந்தது. ஒவ்வொரு சார்புக்கும் 'என்னை அழைக்குமுன் இது உண்மையாக இருக்கவேண்டும், அழைத்த பின் இது உண்மையாக இருக்கும்' என்று ஒரு சுருக்கத்தைத் தானே தயாரிக்கும். ஒரு மாற்றம் வந்தால் முழு நிரலையும் மறுபடி பார்க்காமல் மாறிய பகுதியை மட்டும் பார்க்க அந்தச் சுருக்கங்கள் உதவும்.

நான் முதல் கட்சி. கருவி கண்டுபிடிப்பதைவிட, 'இது இல்லாமல் இருக்கலாமா' என்று எழுதும் ஆளைப் பதில் சொல்ல வைப்பதில்தான் எனக்கு அதிக பயன் தெரிகிறது. அடையாள அட்டை இல்லாத வாடிக்கையாளர் உண்டா என்பது கணினி முடிவு செய்யும் விடயமல்ல. வங்கியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். தலைப்பில் எழுத நிர்ப்பந்திக்கப்பட்டவர் எழுந்து போய்க் கேட்பார்.

அப்படியானால் ஒரு பிழைகூடத் தப்பாதா?

தப்பும். ஒரு நிரல் என்ன செய்யும் என்பது பற்றிய எந்த முக்கியமான கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் தவறாமல் ஆம் அல்லது இல்லை சொல்லும் நிரலை எழுத முடியாது என்று ஹென்றி ரைஸ் 1953இல் நிறுவிவிட்டார். ஆகவே கருவி செய்பவர் எதையாவது விட்டுக்கொடுக்கவேண்டும்: ஒன்றைக்கூடத் தவறவிடாமல் வீணாகவும் கத்துவதா, அல்லது குறைவாகக் கத்தி இடைக்கிடை தவறவிடுவதா?

இது வெறும் தத்துவமல்ல. இந்த வரிகளைப் பாருங்கள்:

கணக்கு.உரிமையாளர் இருந்தால்:
  பதிவுசெய்()
  அனுப்பு(கணக்கு.உரிமையாளர்.மின்னஞ்சல்)

நடுவில் உள்ள பதிவுசெய்() அந்த உரிமையாளரை அழித்துவிட முடியுமா? கோட்பாட்டளவில் முடியும். செக்கர் ஃபிரேம்வேர்க், அந்தச் சார்பு எதையும் மாற்றாது என்று நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை, நடுவில் ஓர் அழைப்பு வந்ததுமே தன் குறிப்பை அழித்துவிட்டு எச்சரிக்கும். நல்அவே அழைக்கப்படும் சார்புகள் எதையும் மாற்றாது என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். முன்னது கணிதப்படி சரி. பின்னது, பெரிய குழுவில் ஆட்கள் கருவியை அணைத்துவிடாமல் வைத்திருக்கும் தந்திரம். நல்அவேயைப் பற்றி அதை உருவாக்கியவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் பில்ட் (நிரலைக் கம்பைல் செய்து தொகுக்கும் வேலை) நேரம் 1.15 மடங்கு ஆனது என்றும், ஒப்பிட்ட மற்றக் கருவிகளில் அது 2.8 முதல் 5.1 மடங்கு வரை போனது என்றும் கொடுத்திருக்கிறார்கள்.

மேலே உள்ள நிரலுக்கு இரண்டு கருவியும் ஏற்கும் தீர்வு ஒன்று உண்டு: உரிமையாளரை முதலில் ஓர் உள்ளூர் மாறியில் எடுத்து, அந்த மாறியைச் சோதித்து, அதையே பயன்படுத்துங்கள். கொட்லின் கம்பைலரும் மாறக்கூடிய புலங்களுக்கு இதைத்தான் கேட்கும்.

பொய் எச்சரிக்கை ஆயிரக்கணக்கில் வருகிறது. அணைத்துவிடலாமா?

அணைக்கவேண்டாம், குறையுங்கள். நடுச்சாமத்தில் ஒழுங்கையில் கூவும் வாகன அலாரத்துக்கு எவரும் யன்னலைத் திறந்து பார்ப்பதில்லை; எச்சரிக்கை ஆயிரத்தைத் தாண்டிய பில்டும் அந்த நிலைமைதான். பூச்சியம் எச்சரிக்கை உள்ள சிறு பகுதி, ஆயிரம் எச்சரிக்கை உள்ள முழுத் திட்டத்தைவிடப் பயனுள்ளது. எச்சரிக்கையாக விடாமல் பிழையாக மாற்றி பில்டையே நிறுத்துங்கள். ஆனால் சிறிய பகுதிக்கு மட்டும்.

பத்து வருடப் பழைய ஜாவா நிரல் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில், கருவிக்கு ஒரே ஒரு பொதியை (தொடர்புடைய நிரல் கோப்புகளின் தொகுப்பை) கொடுங்கள். வேறு எவரையும் நம்பியிராத, ஆனால் பலர் நம்பியிருக்கும் பொதியாகப் பாருங்கள்: வாடிக்கையாளர், கணக்கு, முகவரி போன்ற அடிப்படைப் பொருள்கள் உள்ள இடம். 'இந்தப் பொதியில் வேறாகச் சொல்லாத எதுவும் வெற்றாகாது' என்று பொதியின் தலையில் அறிவித்துவிட்டு, வெற்றாகக்கூடிய சிலவற்றுக்கு மட்டும் அனொட்டேஷன் (நிரலிலேயே எழுதும் குறிப்புச் சொல்) போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் போடப் போடத்தான் தெரியவரும், எத்தனை புலங்களுக்கு எவரிடமும் விடை இல்லை என்று. அங்கே நேரம் போகும். போகட்டும்.

அனொட்டேஷன்களில் முன்பு ஒரு கூத்து இருந்தது: ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பொதியில் ஒரே பெயருள்ள ஒன்று, ஒவ்வொன்றுக்கும் சற்று வேறான அர்த்தம். கூகுள், ஜெட்பிரெயின்ஸ், ஊபர் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து ஜேஸ்பெசிஃபை என்ற பொது வரையறையை உருவாக்கி 2024இல் 1.0 பதிப்பை வெளியிட்டன. ஜாவாவில் பலர் பயன்படுத்தும் ஸ்பிரிங் ஃபிரேம்வேர்க் 7 அதற்கு மாறிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறு எதையும் தேடவேண்டியதில்லை.

அடுத்த பொதிக்குப் போகுமுன் முதலாவது பொதி சுத்தமாக இருக்கவேண்டும். ஒருமுறை சுத்தமான பொதி மறுபடி அழுக்காகாதபடி பில்டில் பூட்டிவிடுங்கள். மௌனமாக்கும் அனொட்டேஷன் போடுகிறவர் பக்கத்தில் காரணத்தை எழுதவேண்டும் என்று வைத்தால், அதில் பாதி போடப்படுவதே இல்லை.

எல்லா இடத்திலும் 'வெற்றா?' என்று சோதித்துவிட்டால் கருவியே வேண்டாமே?

அப்படி எழுதிய நிரல்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு சார்பும் நான்கு சோதனையோடு தொடங்கும், வெற்று என்றால் பேசாமல் திரும்பிவிடும். நிரல் ஒருபோதும் விழாது. குறுஞ்செய்தி போகாது, பற்றுச்சீட்டு அச்சாகாது, ஏன் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. விழுந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சி மொழியில் இன்னொரு சங்கடமும் உண்டு: சோதனையைத் தப்பான இடத்தில் வைத்தால் கம்பைலர் அதைத் தூக்கியே எறிந்துவிடும். 2009இல் லினக்ஸ் கர்னலின் (பணிசெயல் முறைமையின் கருவின்) டன் என்ற வலையமைப்புச் செலுத்தியில் நடந்தது இது. முதலில் சுட்டி வழியாக ஒரு புலத்தைப் படித்துவிட்டு, அடுத்த வரியில் அந்தச் சுட்டி வெற்றா என்று சோதித்திருந்தார்கள். சுட்டியை ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே அது வெற்றாக இருக்கவே முடியாது, சோதனை வீண் என்று ஜிசிசி என்ற கம்பைலர் முடிவெடுத்து நீக்கிவிட்டது. அந்தத் துளை வழியாக முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. இப்போது கர்னல் அந்த நீக்கத்தை நிறுத்தும் தெரிவோடு கம்பைல் செய்யப்படுகிறது. 'முதலில் பயன்படுத்தி, பிறகு வெற்றா என்று சோதித்தல்' என்பதைப் பல நிலைப் பகுப்பாய்வுக் கருவிகள் தனி எச்சரிக்கையாகவே காட்டும்.

ஜாவா 8இன் ஒப்ஷனல் போதாதா?

'பெறுமதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று வெளிப்படையாகச் சொல்லும் அந்த உறை, திருப்பித் தரும் விடைகளுக்கு நல்லது. புலங்களிலும் உள்ளீடுகளிலும் போட்டு நிரப்பாதீர்கள். ஒப்ஷனல் என்று அறிவித்த மாறியே வெற்றாக இருக்கலாம் என்பதை ஜாவா தடுப்பதில்லை.

நாங்கள் கொட்லினில் எழுதுகிறோம். இது எங்களுக்குப் பொருந்தாதுதானே?

முக்கால்வாசி பொருந்தாது. கேள்விக்குறி இல்லாத வகைக்குள் வெற்றை வைக்கக் கம்பைலர் விடாது. மிச்சக் கால்வாசியில்தான் விபத்துகள்.

இரட்டை ஆச்சரியக்குறி முதலாவது. 'எனக்குத் தெரியும், வெற்றல்ல, பேசாமல் இரு' என்று கம்பைலருக்குச் சொல்வது அது. மீளாய்வில் ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரிப்பேன். அடுத்தது, அனொட்டேஷன் இல்லாத ஜாவா நூலகத்திலிருந்து வரும் பெறுமதிகள். அவற்றைக் கொட்லின் கண்டும் காணாமல் விட்டுவிடும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாது. ஜீசன் என்ற பிரபலமான ஜாவா நூலகத்தால் ஜேசனை (தரவைப் பரிமாறப் பயன்படும் உரை வடிவத்தை) கொட்லின் பொருளாக மாற்றினால், புலம் ஜேசனில் இல்லாதபோது, வெற்றாகவே முடியாது என்று அறிவித்த புலத்துக்குள் அது வெற்றை வைத்துவிடும். கொட்லினின் கட்டமைப்புச் சார்பைச் சுற்றிக்கொண்டு பொருளை உருவாக்குவதால் எந்தச் சோதனையும் நடக்காது. பிழை வெளிப்படுவது எங்கோ தொலைவில், மூன்று திரைகளுக்கு அப்பால். கொட்லினை அறிந்த மொஷி, கொட்லினெக்ஸ் சீரியலைசேஷன் போன்ற நூலகங்கள் வாசலிலேயே பிழை எழுப்பும், அவற்றைப் பயன்படுத்துங்கள். டைப்ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான்: 2016இல் வந்த 2.0 பதிப்பின் கடுமையான வெற்றுச் சோதனையை இயக்கியிருந்தாலும், ஜேசனைப் படித்து 'இது வாடிக்கையாளர் வகை' என்று நீங்களே சத்தியம் செய்துவிட்டால் கம்பைலர் நம்பிவிடும். பகுப்பாய்வு நிரலுக்குள் உள்ளதைத்தான் காக்கும். வெளியிலிருந்து வருவதை வாசலில் ஓடும்போதுதான் சோதிக்கவேண்டும், வேறு வழியில்லை.

மற்ற மொழிகளுக்கு?

சி ஷார்ப்: 2019இல் 8ஆம் பதிப்போடு வந்த வசதியை இயக்குங்கள், பழைய திட்டங்களில் கோப்புக் கோப்பாக இயக்கலாம். டார்ட்: 3ஆம் பதிப்பிலிருந்து தெரிவே கிடையாது, வெற்றுப் பாதுகாப்புக் கட்டாயம். கோ: ஊபர் 2023இல் வெளியிட்ட நில்அவே. பைதான்: மைபை அல்லது பைரைட். பிஎச்பி: பிஎச்பிஸ்டான். சி, சி பிளஸ் பிளஸ்: கிளாங்கின் பகுப்பாய்வி, இன்ஃபர். ரஸ்டில் வழக்கமான நிரலில் வெற்றுச் சுட்டியே இல்லை, ஒப்ஷன்தான்.

பெலரினாவைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நம்மூர்ச் சரக்கு. 2005இல் தொடங்கிய, கொழும்பில் அலுவலகம் கொண்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில் உருவான மொழி, 1.0 பதிப்பு 2019இல் வந்தது. அதில் 'ஒன்றுமில்லை' என்பது தனி வகை. ஒரு வகையின் பின்னால் கேள்விக்குறி போட்டால் 'அது, அல்லது ஒன்றுமில்லை' என்று அர்த்தம். எது என்று பிரித்துப் பார்க்காமல் பயன்படுத்தினால் கம்பைல் ஆகாது. சேவைகளை இணைப்பதற்கென்றே உருவான மொழி என்பதால், ஜேசனை வகையாக மாற்றும் இடத்தில் பொருந்தாவிட்டால் பிழைப் பெறுமதி ஒன்று வரும், அதையும் கையாளவேண்டும். முன் கேள்வியில் சொன்ன வாசல் பிரச்சினையை மொழியே கவனித்திருக்கிறது.

2024 ஜூலையில் உலகெங்கும் கணினிகள் நீலத்திரையானது வெற்றுச் சுட்டியால்தானே?

இல்லை. முதல் நாள்களில் பலர் அப்படித்தான் பரப்பினார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருளில் வந்த அந்தக் கோளாறு எல்லை தாண்டிய வாசிப்பு: 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த வரையறைக்கு நிரல் 20ஐத்தான் கொடுத்தது, இல்லாத 21ஆவதைப் படிக்கப் போய் விழுந்தது. சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசொப்ட் சொன்னது.

உண்மையான வெற்றுச் சுட்டிக் கதை வேண்டுமென்றால் 2025 ஜூன் 12. கூகுள் கிளவுட் பல நாடுகளில் ஒரே நேரத்தில் படுத்தது. கூகுளே வெளியிட்ட அறிக்கையின்படி, மே 29 அன்று சேர்த்த ஒரு புதிய நிரல் பகுதி இரண்டு வாரம் ஓடாமலே கிடந்தது. அதை ஓடவைக்கும் வகைக் கொள்கைத் தரவு எதுவும் அதுவரை வரவில்லை. ஜூன் 12 அன்று, சில புலங்கள் வெறுமையாக இருந்த தரவு ஒன்று தரவுத்தளத்தில் ஏறி, சில நொடிகளில் உலகம் முழுவதும் பரவியது. அதைப் படித்த ஒவ்வொரு பிராந்தியத்திலும் சேவை வெற்றுச் சுட்டியில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது.

யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதிகளை ஓட்டிப் பார்க்கும் சோதனை) நன்றாக எழுதியிருந்தால் போதாதா?

முந்திய பதிலைப் பாருங்கள். சோதனை, ஓடிய பாதையைப் பற்றித்தான் பேசும். இரண்டு வாரம் ஓடாமல் கிடந்த பாதையிலும் கருவி முதல் நாளே நடந்து பார்க்கும். மறுபக்கம், தப்பான ஆளின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போனால் கருவிக்கு அது பிழையே இல்லை. அதைச் சோதனைதான் பிடிக்கவேண்டும். இரண்டும் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலுக்கு?

இன்னும் அதிகமாக வேண்டும். சோதனைகளை அள்ளித் தெளிப்பதில் அது பழைய ஆட்களையும் மிஞ்சும். கருவியின் பிழைச் செய்தியை அதனிடமே திருப்பிக் கொடுக்கலாம், நன்றாகத் திருத்தும். இரட்டை ஆச்சரியக்குறி போட்டுத் திருத்தியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முகாமையாளர் நேரம் ஒதுக்க மறுக்கிறார். என்ன சொல்வது?

கோட்பாடு எதுவும் பேசாதீர்கள். உங்கள் குழுவின் பிழைப் பதிவேட்டில் கடந்த ஆறு மாதத்தைத் திறந்து, நல்பாயிண்டர் என்று தேடி, வந்ததை அப்படியே அச்சிட்டு வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் எத்தனை மணிக்கு அழைக்கப்பட்டார் என்றும் எழுதுங்கள். நியூயோர்க்கில் காலை பத்து மணி என்றால் கோடைகாலத்தில் இங்கே இரவு ஏழரை. அவர்கள் வேலை தொடங்கிச் சூடு பிடிக்கும்போது இங்கே ஆட்கள் காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் நிற்பார்கள். பட்டியல் சிறியதாக வந்தால் முகாமையாளர் சொல்வதுதான் சரி, வேறு வேலையைப் பாருங்கள்.

பல்கலைக்கழக மாணவன் நான். செயல்திட்டமாக ஒன்றைச் செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. மாறிகளுக்குப் பெறுமதி கொடுத்தல், நிபந்தனை, சுழற்சி, புலத்தைக் கேட்டல் என்று நான்கே கூறுகள் உள்ள சிறு மொழி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே சொன்ன மூன்று நிலைகளையும், பாதைகள் சேரும் இடத்துக்கு ஒரு சிறிய அட்டவணையையும் எழுதுங்கள். சில நூறு வரிகளில் வேலை செய்யத் தொடங்கும். நிலைகள் சிலவே என்பதாலும், குறிப்பு எப்போதும் 'எதுவும் ஆகலாம்' பக்கமாகவே நகரும் என்பதாலும் சுழற்சிக்குள் சுற்றுவது கட்டாயம் முடிவுக்கு வரும். பிறகு அதே கருவியைக் கொண்டு எண்களின் எல்லைகளைக் கண்காணிக்கப் பாருங்கள்: 1ஐக் கூட்டும் ஒரு சாதாரண சுழற்சியில் எல்லை 1, 2, 3 என்று வளர்ந்துகொண்டே போகும், கருவி நிற்காது. கூசோ இணையரின் 1977 கட்டுரையில் அதற்கு விரிவாக்கம் என்ற உத்தி இருக்கிறது. இரண்டாம் அரையாண்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.